மதன் எந்திரிக்க நேரமாகும்

ஊத்துமலைத் தேயிலைத் தோட்டத்தில் ஒருவன் காலையில் எழுந்திருக்கவில்லை என்றால் அது அவனுடைய சொந்த விஷயம் அல்ல. தொழிலாளர் லயத்தில் வரிசையாகக் காம்பராக்கள். ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். அந்தச் சுவரும் கூரை வரைக்கும் போவதில்லை, பாதியில் களைத்து நின்றுவிடும். இந்தப் பக்கம் புரண்டு படுத்தால் அந்தப் பக்கத்திலிருந்து "என்னா, தூக்கம் வல்லியா?" என்று கேட்பார்கள். ஆகவே கிருஷ்ணராஜ் படுத்த படுக்கையாகிவிட்டான் என்ற செய்தி, கிருஷ்ணராஜுக்கே சரியாகத் தெரிவதற்கு முன்னால் லயத்துக்குத் தெரிந்துவிட்டது.

அவனுக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, அட்டை கடித்த புண்கூட இல்லை. பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் றவூப் நானாவின் கடையில் போன் திருத்துகிற வேலை. உடைந்த கண்ணாடியைக் கழற்றிப் புதுக் கண்ணாடி ஒட்டுவதில் கெட்டிக்காரன். ஒரு நாள் காலையில், முதல் பஸ்ஸுக்கு எழ வேண்டியவன் எழவில்லை. போர்வையைத் தள்ள வேண்டுமானால் கையைத் தூக்க வேண்டும். கையைத் தூக்க ஒரு காரணம் வேண்டும். காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பஸ் போய்விட்டது. மறுநாள் பஸ் போகிற சத்தத்தைப் படுத்தபடியே கேட்டான். பிறகு அதுவே வழக்கமாகிப்போனது.

றவூப் நானா நல்ல மனிதர். போனில் கூப்பிட்டு, "சொகமாகிட்டு ஆறுதலா வாங்க தம்பி, ஒங்கட எடம் எங்கயும் போகாது" என்றார். அவர் சொன்னபடியே இடம் எங்கும் போகவில்லை. அவருடைய மருமகன் ஸப்ரான்தான் வந்து அதில் உட்கார்ந்துகொண்டான்.

தோட்டம் நோய்க்குக் காரணம் தேடியது. செய்வினை என்றார்கள். போனை உற்றுப் பார்த்துப் பார்த்து மூளையில் நீர் வற்றிவிட்டது என்றார்கள். கடைசியில் பக்கத்துக் காம்பரா ஜெயலெட்சுமி அக்கா, சுவருக்கு மேலாகத் தன் தீர்ப்பைச் சொன்னாள்.

"வேற என்னாத்த இருக்கும்? பொண்ணு வெசயம்தான். ஏன்டா ராசு, அது எந்த ஊரு?"

இல்லை என்று சொல்ல வேண்டுமானால் தொடர்ந்து பேச வேண்டும். கிருஷ்ணராஜ் அன்றைக்கு இருந்த நிலையில் அது நடக்கிற காரியமில்லை. "பண்டாரவள" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

அவ்வளவுதான். ஒரு வாரத்துக்குள் அந்தப் பண்டாரவளைப் பெண்ணுக்கு லயமே கூடி நிறம் கொடுத்து, மூக்குத்தி குத்தி, தகப்பனுக்கு அரசாங்கக் கச்சேரியில் வேலை போட்டு, கடைசியில் அவளைக் கனடா மாப்பிள்ளைக்குக் கட்டியும் கொடுத்துவிட்டது. "எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும் சண்டாளி" என்று ஜெயலெட்சுமி அக்கா தண்ணீர்ப் பீலியடியில் குடம் நிரப்பியபடி மூக்கைச் சிந்தினாள். கிருஷ்ணராஜுக்கே அவள்மேல் இலேசான வருத்தம் வந்தது. ஒரு நாள் அவளை நினைத்து அழக்கூடப் பார்த்தான். வரவில்லை. காரணம் இல்லாமல் அழுவது அவனுக்குச் சுலபமாக இருந்தது. காரணத்தோடு அழுவதற்குத்தான் பழக்கம் போதவில்லை.

காதல் தோல்வி மரியாதையான நோய். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அதனால் அவன் அம்மா விஜயலெட்சுமியும் அதை மறுக்கவில்லை. அவளுக்கு மட்டும் உண்மை தெரியும். விடியற்காலை பஸ்ஸில், பசறைக்குக் கல்யாண வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பதுளை கிளினிக்குக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனவளே அவள்தான். அங்கே கொடுத்த மாத்திரைகளை ஒரு வைட்டமின் போத்தலில் கொட்டி சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தாள். அப்பா கொழும்பில் ஒரு மாடிக் கட்டடத்துக்குக் காவல் இருக்கிறார். அவருக்கும் "வைட்டமின் குடிக்கிறான்" என்றுதான் தகவல். அவர் தினமும் காலையில் மகனுக்கு உதிக்கிற சூரியனின் படம் ஒன்றை அனுப்புவார். 'சூரியனைப் பார், அது தளர்வதில்லை' என்று கீழே எழுதியிருக்கும். கிருஷ்ணராஜ் படுத்தபடி அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பான். சூரியனுக்கு வேறு வழி இல்லை என்று அவனுக்குத் தோன்றும்.

அம்மா கொழுந்து எடுக்கப் போகிறவள். விடிந்ததும் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும், அங்கேதான் அன்றைக்கு யார் எந்த மலைக்கு என்று பிரித்து விடுவார்கள். புறப்படுகிற அவசரத்தில் கதவடியில் நின்று ஒரு சத்தம் போடுவாள்.

"எந்திரிடா!"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜெயலெட்சுமி அக்கா அதை எதிரொலிப்பாள். "எந்திரிடா ராசு, அவ என்னா பெரிய ரம்பையா?"

எல்லோரும் மலைக்குப் போன பிறகு, யாரும் பார்க்காத நேரத்தில், கிருஷ்ணராஜ் எழுந்திருப்பான். அதற்கு அவனிடம் ஒரு முறை இருந்தது. முதலில் வலது கையைப் போர்வைக்கு வெளியே விடுவான். கொஞ்ச நேரம் அது வெளியிலேயே கிடக்கும். பிறகு ஒரு முழங்காலை மடக்குவான். ஓய்வு. பிறகு ஒருக்களித்துச் சுவரைப் பிடித்து உட்காருவான். மறுபடி ஓய்வு. நல்ல நாளில் வாசல் திண்ணையான இஸ்தோப்பு வரைக்கும் வந்துவிடுவான். ரொம்ப நல்ல நாளில் பீலி வரைக்கும் போய் முகம் கழுவுவான். மீசை முளைத்த ஆண்பிள்ளை தவணை முறையில் எழுந்திருக்கிறான் என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே அவனுக்கு உடம்பு கூசும். பண்டாரவளைப் பெண் வெளியே தெரியலாம், இது தெரியக் கூடாது.

மாசி பிறந்தது. மலையக மாசி என்றால் காமன் கூத்து.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தவத்தில் இருக்கிற சிவன்மேல் மதன் அம்பு விடுவான். சிவன் கண்ணைத் திறந்து மதனைச் சாம்பலாக்குவார். ரதி வந்து அழுவாள். அழுது முடித்ததும் கூத்தை நடத்துகிறவர் மஞ்சள் தண்ணீர் தெளிக்க, மதன் உயிர் பெற்று எழுவான். அவன் எழுந்தால்தான் தோட்டத்துக்கு நல்லது, மழை பெய்யும், கொழுந்து வரும். போன வருடம் மதனாக ஆடியவன் செத்துக் கிடந்தபோது சாம்பல் மூக்கில் ஏறி மூன்று தும்மல் தும்மினான். ரதி வேடம் சிரித்துவிட்டது. சனம் சிரித்துவிட்டது. அந்த வருடம் மழை பொய்த்ததற்கும், கொழுந்து கருகியதற்கும், கோயில் ஒலிபெருக்கி எரிந்துபோனதற்கும் அந்த மூன்று தும்மல்கள்தான் காரணம் என்று தோட்டம் ஒரே மனதாக முடிவுசெய்தது. தும்மியவன் மறுமாதமே டுபாய்க்குப் போய்விட்டான். பயந்து போனான் என்றும் சொல்வார்கள்.

அதனால் இந்த வருடம் கந்தப்பன் மாஸ்டர் மிகக் கவனமாக மதனைத் தேடிக்கொண்டிருந்தார். மாஸ்டர் என்றால் கூத்து மாஸ்டர். மற்ற நாட்களில் தோட்டத்து லொறியில் கொழுந்துச் சாக்கு ஏற்றுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த பிளேன்டீயைக் குடித்தபடி, உள்ளே படுத்திருந்த கிருஷ்ணராஜைக் கவனித்தார். தேத்தண்ணி முடிந்தது. அவர் இன்னும் கவனித்துக்கொண்டிருந்தார்.

"எப்பருந்து இப்பிடிக் கெடக்கான்?"

"காலையிலருந்துங்க" என்றாள் அம்மா, தலையைக் குனிந்துகொண்டு.

"அசையவே இல்லயே!" என்றார் மாஸ்டர். அவர் குரலில் இருந்தது கவலை அல்ல, மரியாதை. "மூச்சு விடுறதுகூடத் தெரியல பாரு. ஈ ஒண்ணு மூக்குல ஒக்காந்து எந்திரிச்சுப் போவுது, அவன் கண்ண சிமிட்டல. அம்மா, இது வித்தை. நான் ஒரு மாசம் பழக்குனாலும் ஒருத்தனுக்கு வராது."

"மாஸ்டர், அவனுக்கு ஆடவெல்லாம்…"

"ஆட்டம் கெடக்கட்டும். ஆட்டத்த நான் சொல்லித் தாறேன். படுக்கிறதுதாம்மா கஷ்டம்." பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "தம்பி, இந்த வருசம் மதன் நீதான். சரியா?"

மறுக்க வேண்டுமானால் நாலு வாக்கியமாவது தேவைப்படும். சம்மதிக்க ஒரே எழுத்துப் போதும்.

"ம்" என்றான் கிருஷ்ணராஜ்.

அந்த மாதக் கிளினிக்கில் டொக்டர் ஆர்த்திகாவிடம் இதைச் சொன்னான். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், எதைச் சொன்னாலும் முகம் மாறாமல் கேட்பவர்.

"கூத்து ஆடப் போறீங்களோ? நல்லது. என்ன பாத்திரம்?"

"செத்துக் கெடக்கிறது டொக்டர்."

டொக்டரின் பேனா ஒரு கணம் நின்றது. "பிறகு எழும்புவீங்கள்தானே?"

"அங்கதான் டொக்டர் சந்தேகமா இருக்கு."

"சாக வேணும் எண்டு யோசினை ஏதும் வருதோ?"

"அதுக்கும் எந்திரிக்கணுமே டொக்டர்."

இது நல்ல பகிடி என்று கிருஷ்ணராஜ் நினைத்திருந்தான். பஸ்ஸில் வரும்போதே தயாரித்து வைத்தது. டொக்டர் சிரிக்கவில்லை. பேனாவை மேசையில் வைத்துவிட்டு, அதே கேள்வியை அதே குரலில் இன்னொரு தரம் கேட்டார். அவன் சுவரில் தொங்கிய டெங்கு நுளம்புப் படத்தைப் பார்த்தான். பிறகு, ஒரு தடவை வந்தது, மழை நாளில், இப்போது இல்லை என்றான். டொக்டர் அதைப் பற்றி அவசரப்படாமல் கேட்டார். மறுபடி வந்தால் உடனே அம்மாவிடம் சொல்ல வேண்டும், கிளினிக் நாளுக்காகக் காத்திருக்காமல் நேரே வர வேண்டும் என்று சொல்லி, அவன் தலையாட்டும் வரைக்கும் விடவில்லை.

"காலமை எப்பிடி எழும்புறனீங்கள்?"

அதையும் சொன்னான். வலது கை, முழங்கால், சுவர். காது சூடாகிவிட்டது. டொக்டர் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அது எழுதத் தகுந்த விஷயம் என்று அவன் அதுவரைக்கும் நினைத்ததில்லை.

ஒத்திகை கோயிலடிப் பொட்டலில் நடந்தது. ரதி வேடம் கிஷாந்தனுக்கு. கிஷாந்தன் த்ரீவீல் ஓட்டுகிறவன், பள்ளியில் கிருஷ்ணராஜோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவன். அவன் பிரச்சினை வேறு. பசறையில் ஒரு பெண்ணைப் பார்த்துப் பேசி முடிவாகிற நேரம், மீசையை எடுக்க மாட்டேன் என்றான்.

"மீசையோட ரதி எங்கடா இருக்கு?" என்றார் மாஸ்டர்.

"முந்தானையால மறச்சிக்கிறேன் மாஸ்டர்."

"நீ அழுவுறது மொகத்துல தெரியாண்டாமா?"

"சத்தத்துல தெரியும் மாஸ்டர்."

முடிவில் மீசை போனது. கிஷாந்தன் கண்ணாடியைப் பார்த்து, "ஐயோ, எங்க அத்த மாதிரியே இருக்கேன்டா" என்றான். அவனுடைய உண்மையான முதல் அழுகை அதுதான்.

கிருஷ்ணராஜின் ஆட்டம் பார்க்கும்படியாக இல்லை. கால்கள் இரண்டையும் யாரிடமோ இரவல் வாங்கியவன்போல ஆடினான். தப்பு மேளம் ஒரு பக்கம் போக, அவன் ஒரு பக்கம் போனான். மாஸ்டர் கவலைப்படவே இல்லை. "எரிஞ்சி விழு" என்பார். கிருஷ்ணராஜ் விழுவான். விழுந்ததும் பொட்டல் அமைதியாகிவிடும். பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் தங்களை அறியாமல் தொப்பியைக் கழற்றுவார்கள். மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு திருப்தியாகத் தலையாட்டுவார். "பாருங்கடா. பொணம்னா இது பொணம்."

எழுந்திருக்கிறதை மட்டும் ஒரு நாளும் பழகவில்லை. கிருஷ்ணராஜ் ஒரு தடவை கேட்டுப் பார்த்தான்.

"மாஸ்டர், எந்திரிக்கிற எடத்த ஒருக்காப் பாப்பமா?"

"எந்திரிக்கிறத எவனாவது பழகுவானாடா?" மாஸ்டர் சிரித்தே விட்டார். "அது கைக்கொழந்தைக்கும் தெரியும். தண்ணி தெளிப்பேன், டக்குனு எந்திரிப்ப, முடிஞ்சிருச்சி."

காப்புக் கட்டினார்கள். கிருஷ்ணராஜின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஏறியது. அன்றைக்கு அம்மா விளக்கு வைத்துவிட்டு வெகு நேரம் சாமிப் படத்தின் முன்னால் நின்றாள். சாமியைப் பார்த்தாளா, பின்னால் இருந்த போத்தலைப் பார்த்தாளா என்று சொல்ல முடியாது.

"மதன் எந்திரிக்காட்டி தோட்டத்துக்கு ஆகாதுன்னு சொல்லுவாங்க தம்பி" என்றாள் மெதுவாக. "தும்முனவனுக்காச்சும் டுபாய் இருந்திச்சி."

அவளுக்கு இதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. அவனுக்கும் இதற்கு மேல் கேட்கத் தேவை இருக்கவில்லை. தும்மியவனுக்கே இந்தப் பேர் என்றால், எழுந்திருக்காதவன் இந்த மண்ணில் எந்த முகத்தோடு இருப்பான்? அம்மா எந்த முகத்தோடு பெரட்டில் நிற்பாள்?

கூத்தன்று பொட்டல் நிறைந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரீட்சைக் காலம் என்பதால் ஒலிபெருக்கியைச் சீக்கிரமே நிறுத்த வேண்டுமென்ற நிபந்தனையோடுதான் பொலிஸ் அனுமதி தந்திருந்தது. ஆகவே சிவன் வழக்கத்தை விட முன்னதாகவே கோபப்பட வேண்டியிருந்தது. பொழுது சாய்கிற நேரம், காமன் கம்பத்தில் கட்டியிருந்த வைக்கோலில் தீ பிடித்தது. தப்பு உச்சத்துக்குப் போனது. கிருஷ்ணராஜ் இரவல் கால்களோடு ஒரு சுற்றுச் சுற்றி விழுந்தான். சாம்பலைப் பூசி, வெள்ளை வேட்டியால் தலை முதல் கால் வரை மூடினார்கள்.

ரதி அழத் தொடங்கியது. மீசையைப் பறிகொடுத்த துக்கமெல்லாம் கிஷாந்தனின் தொண்டையில் இருந்தது. பெண்கள் கூட்டத்தில் விசும்பல் கேட்டது. ஜெயலெட்சுமி அக்கா வாய்விட்டே அழுதாள். இடையில் "அந்தப் பண்டாரவளக்காரி பாக்கணும் இத!" என்றும் சொன்னாள்.

வேட்டிக்குள் கிருஷ்ணராஜுக்கு வியப்பாக இருந்தது. மாதக்கணக்காக இதையேதான் வீட்டில் செய்துகொண்டிருந்தான். அப்போது யாரும் அழவில்லை, எந்திரி என்றுதான் கத்தினார்கள். இப்போது சாம்பல் பூசி, பாட்டும் மேளமும் வைத்துப் படுத்தால் தோட்டமே கண்ணீர் விடுகிறது. படுத்திருப்பதற்கு ஊர் மதிப்பளிக்கிற ஒரே நாள் இது. ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி காலிலிருந்து மெல்ல ஏறி இடுப்புக்கு வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. உட்கார்ந்த பிறகுதான் அது நிம்மதி இல்லை, தினமும் போர்வைக்குள் அழுத்துகிற அந்தப் பழைய ஆள்தான் வேட்டி மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான் என்று தெரிந்தது.

மஞ்சள் தண்ணீர் விழுந்தது.

"எந்திரி மதனா!" என்றார் மாஸ்டர்.

தப்பு எழுச்சி அடி அடித்தது. கிருஷ்ணராஜ் எழவில்லை.

இன்னொரு செம்புத் தண்ணீர். "எந்திரி மதனா!"

மாஸ்டர் ரதிக்குக் கண் காட்டினார். ரதி பாடி முடித்த பாட்டை மறுபடி பாடியது. அது தீர்ந்ததும் சொந்தமாகக் கட்டத் தொடங்கியது. பெட்ரோல் விலை வந்தது, பசறை ரோட்டுக் குழிகள் வந்தன, மாமியாராகப் போகிறவளின் குணம் வந்தது. கடைசியில் ரதி பிணத்தின்மேல் விழுந்து அழுவதுபோல் குனிந்து, வேட்டிக்குள் கிசுகிசுத்தது.

"மச்சான், எந்திரிடா. பாட்டு தீந்து போச்சி. சீல வேற அவுருது."

"முடியலடா."

"என்னா முடியல? கால் மரத்திருச்சா?"

"இல்லடா. எந்திரிக்க முடியல. வீட்டுலயும் இப்பிடித்தான்."

ரதி சற்று நேரம் அழ மறந்து அப்படியே கிடந்தது. பிறகு, "அந்தப் பண்டாரவளக்காரியா?" என்றது.

"அப்பிடி ஒருத்தியே இல்லடா."

"நெனச்சேன்" என்றது ரதி. "ஒனக்கெல்லாம் எவடா…" என்று ஆரம்பித்து, நிலைமை கருதி நிறுத்திக்கொண்டு, உண்மையாகவே ஒரு மூச்சு அழுதது.

கூட்டத்தில் முதலில் பாராட்டு முணுமுணுப்புத்தான் இருந்தது. "ஆகா, என்னா நடிப்பு" என்றார்கள். பிறகு அது மாறியது. "ஏன் இன்னும் எந்திரிக்கல?" "கெட்ட சகுனம்ங்க." "தும்முனதே தேவலயே." யாரோ ஒருவர் "எந்திரி!" என்று கத்தினார். இன்னொருவர் சேர்ந்தார். கொஞ்ச நேரத்தில் பொட்டல் முழுக்க ஒரே குரல்.

"எந்திரி! எந்திரி! எந்திரி!"

இத்தனை நாளும் இரண்டு பேர் கத்தினார்கள். இன்றைக்குத் தோட்டமே கத்துகிறது. வித்தியாசம் ஒன்றுமில்லை, கால் அசையவில்லை. கத்தினால் எழுகிற விஷயம் இல்லை இது என்று அவனுக்கு அப்போதுதான் சந்தேகமில்லாமல் தெரிந்தது. இதுவரை தன்னிடம்தான் ஏதோ சோம்பேறித்தனம் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் பலமாக யாராவது கத்தினால் எழுந்துவிடுவோம் என்று உள்ளே ஒரு மூலையில் நம்பிக்கொண்டுதான் இருந்தான். இதைவிடப் பலமாகக் கத்த ஊவா மாகாணத்தில் ஆள் இல்லை.

இனி இரண்டு வழி. பேசாமல் கிடந்தால், தூக்கிக்கொண்டு போவார்கள். காரணத்தை அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். அதில் அவர்கள் தேர்ந்தவர்கள். இல்லாவிட்டால், யாரும் பார்க்காத நேரத்தில் வீட்டில் செய்கிற அந்தக் காரியத்தை இத்தனை பேர் முன்னால் செய்ய வேண்டும்.

கிருஷ்ணராஜ் முகத்திலிருந்த வேட்டியை விலக்கினான்.

"மாஸ்டர்."

பொட்டல் அடங்கியது. பிணம் பேசுவது கூத்தில் இல்லை.

"டேய், பேசாதடா" என்றார் மாஸ்டர், உதடு அசையாமல்.

"மாஸ்டர், எனக்கு சொகமில்ல. காதல் தோல்வி இல்லீங்க, அப்பிடி ஒரு பொண்ணே கெடையாது. மனசுக்குத்தான் வருத்தம். பதுளையில மருந்து எடுக்கிறேன். டக்குனு எந்திரிக்க வராது. மெதுவாத்தான் வரும். எந்திரிப்பேன். நேரமாகும்."

பண்டாரவளைப் பெண்ணின் மறைவு கூட்டத்தை உலுக்கிவிட்டிருந்தது. ஜெயலெட்சுமி அக்காவுக்குத் தன் சொந்தத் தங்கையைப் பறிகொடுத்ததுபோல் ஆகிவிட்டது.

பிறகு விவாதம் தொடங்கியது. கோயில் தலைவர், பிணம் பேசிவிட்டதால் மதனுக்கு உயிர் வந்துவிட்டதாகவே கணக்கு, ஒலிபெருக்கியை நிறுத்தி வீட்டுக்குப் போகலாம் என்றார். எழுந்து நின்றால்தான் செல்லும், பேசியது செல்லாது என்றார் செயலாளர். பொருளாளர், இரண்டு பேர் தூக்கி நிறுத்திவிட்டால் என்ன என்று கேட்டார். மாஸ்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். யாரோ பொறுமையிழந்து மறுபடி "எந்திரி!" என்று தொடங்கவும், பெண்கள் பக்கத்திலிருந்து விஜயலெட்சுமி எழுந்து வந்தாள்.

பெரட்டில்கூட வாய் திறக்காதவள். வந்து மகனுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்றாள்.

"கத்தாதீங்க" என்றாள். "நானும் தெனம் கத்திப் பாத்தேன். கத்துனா இன்னும் லேட்டாவுது."

இவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டுத் திரும்பிப் போகாமல் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துகொண்டாள், மலையில் மழைக்கு ஒதுங்கி உட்காருவதுபோல.

கிருஷ்ணராஜ் வலது கையை வேட்டிக்கு வெளியே விட்டான்.

அது மண்ணில் கிடந்தது. எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். தப்புக்காரருக்கு என்ன தோன்றியதோ, ஒரே ஒரு அடி அடித்தார். டும்.

முழங்கால் மடங்கியது. டும்.

ஓய்வு. தப்பும் ஓய்ந்தது. கூட்டத்தில் ஒரு குழந்தை "ஏம்மா நிக்கிது?" என்று கேட்டது. "அப்பிடித்தான். பாரு" என்றாள் தாய்.

ஒருக்களித்தான். பிடிக்கச் சுவர் இல்லை. வீட்டில் எப்போதும் அந்த இடத்தில் சுவர் இருக்கும். கை காற்றில் தேடியது. கிஷாந்தன் முந்தானையைச் செருகிக்கொண்டு சுவர் இருக்க வேண்டிய இடத்தில் வந்து குந்தினான். தூக்கவில்லை, இழுக்கவில்லை. தோளை மட்டும் கொடுத்தான். "சொவரு வந்திருக்கேன் மச்சான்" என்றான்.

உட்கார்ந்தான். டும். டும். மறுபடி ஓய்வு. இந்த ஓய்வு மிக நீண்டது. முன்வரிசையில் இருந்த ஒருவர் வெற்றிலை போட்டுக்கொண்டார். பெண்களில் சிலர் தம்மை அறியாமல் தங்கள் வலது கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். கடைசி வரிசையில் லொறி டிரைவர், எப்போதும் விசில் அடிக்கிறவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் இப்பிடித்தான்டா வருது, செல நாளைக்கி" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னார். அவன் அதிர்ச்சியடைந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். பிறகு திரும்ப நெருங்கி வந்தான்.

மதன் எழுந்து நின்றபோது ஒலிபெருக்கியின் நேரம் முடிந்துபோயிருந்தது. எனவே வெற்றி முழக்கம், குலவை, அறிவிப்பு எதுவுமில்லாமல், கடன் வாங்கிய கால்களில், இலேசாக ஆடியபடி நின்றான். பெருமையாக ஒன்றும் தோன்றவில்லை. தாகமாக இருந்தது. ஆனால் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். இனி ஒளிக்க எதுவுமில்லை என்கிற எண்ணம் உடம்பை விசித்திரமாக இலேசாக்கியது, ஈரமான கம்பளியைக் கழற்றிப் போட்டதுபோல.

கந்தப்பன் மாஸ்டர் அருகே வந்தார். முகம் கறுத்திருந்தது. என்ன சொல்வாரோ என்று அம்மாவும் எழுந்துவிட்டாள்.

"முப்பது வருசமா மதன எந்திரிக்க வைக்கிறேன்" என்றார் மாஸ்டர். "எல்லாவனும் பாயில தூங்கி எந்திரிச்ச மாதிரி டக்குனு எந்திரிச்சிப் போயிருவானுங்க. செத்தவன் அப்பிடியாடா எந்திரிப்பான்? எனக்கே இன்னைக்கித்தான் தெரிஞ்சிச்சி." கொஞ்சம் யோசித்தார். "அடுத்த வருசமும் நீதான். ஆனா ஒண்ணு, பேசக் கூடாது."

"சொகமாயிட்டா, மாஸ்டர்?"

"ஆயிட்டாப் பாப்பம்" என்றார் மாஸ்டர், குரலில் சிறு கவலையோடு.

மறுநாள் விடிந்தது. மதன் எழுந்த பெருமையில் கிருஷ்ணராஜும் எழுந்து முதல் பஸ்ஸைப் பிடித்திருப்பான் என்று யாராவது நினைத்தால், அவர்கள் இந்தக் கதையை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். பஸ் போகிற சத்தத்தைப் படுத்தபடியேதான் கேட்டான். அப்பாவிடமிருந்து சூரியன் வந்திருந்தது. அதைப் பார்த்தான். 'அப்பா, அது வைட்டமின் இல்ல, பொறவு பேசுறேன்' என்று ஒரு விரலால் தட்டி அனுப்பிவிட்டு, அந்த விரல் களைத்ததால் போனைக் கீழே வைத்தான்.

அம்மா தலையில் சாக்கைக் கட்டிக்கொண்டு, பெரட்டுக்குப் புறப்பட்டுக் கதவடிக்கு வந்தாள். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். போத்தலை எடுத்து, மேலே ஒட்டியிருந்த வைட்டமின் தாளை நகத்தால் சுரண்டி எறிந்துவிட்டு, அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் தண்ணீரோடு வைத்தாள்.

சுவருக்கு மேலாக ஜெயலெட்சுமி அக்காவின் குரல் வந்தது. பண்டாரவளைத் துக்கம் இன்னும் முழுதாகத் தீரவில்லை, தொண்டை கரகரத்தது.

"ஏங்க்கா, மதன் எந்திரிச்சிருச்சா?"

அம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் இல்ல" என்றாள். "வலது கை எந்திரிச்சிருச்சி."

"அப்ப சரி" என்றது சுவர். "வாங்க, பெரட்டுக்கு நேரமாச்சி."